ஜாங்கிரி சாட்சியா சொல்றேன், எனக்குச் சுகர் இல்ல

போன ஞாயித்துக்கெழம எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. திண்டிவனத்துல பஸ் ஏறணும், விழுப்புரத்துல எறங்கணும், நகைக்கடைல கல்யாண மோதிரத்த விரல்ல மாட்டிப் பாத்துட்டு "சரியா இருக்குங்க மாமா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திரும்பி வரணும்.

கல்யாணமே நின்னு போற அளவுக்கு இதுல என்னாங்க இருக்குது? நானும் அப்டித்தான் நெனச்சேன்.

கொஞ்சம் முன்கதை சொல்லிடறேன். நிச்சயதார்த்தத்துல எடுத்த போட்டோவ பாத்தேன். வினோதினி பக்கத்துல நான் நிக்கறேன். எனக்கு முன்னாடி என் தொப்பை நிக்குது. போட்டோகிராபர் எந்தப் பக்கம் திரும்பி எடுத்தாலும் அதுதான் மொதல்ல விழுந்திருக்குது. அந்த வாரமே போய் ஜிம்முல சேந்துட்டேன்.

"ப்ரோ, வெறும் பட்டினி கெடந்தீங்கன்னா கொழுப்போட சேந்து சதையும் போயிடும். அப்புறம் ஒல்லியா, தொளதொளன்னு நிப்பீங்க. புரோட்டீன் சாப்டுங்க, வெயிட் தூக்குங்க, தண்ணி நெறைய குடிங்க, சக்கரைய தொடாதீங்க"ன்னாரு ட்ரெய்னர்.

தொடலைங்க. மூணு மாசம் முட்டை வெள்ளை, கோழி நெஞ்சுக்கறி, மொளகட்டின பயறுன்னு வாழ்ந்தேன். சோறு பேருக்கு ஒரு கரண்டி. பொங்கல், பூரி வாசனை வந்தா அந்தத் தெருவ விட்டு வேற தெருவுல போனேன்.

தொப்பை எறங்குச்சி. தோளும் கையும் கெட்டியாச்சி. ஆனா என்னா பிரச்சினைன்னா, இந்த நல்லதெல்லாம் சட்டைக்குள்ள இருக்குது. வெளிய தெரியறது மூஞ்சி மட்டும்தான். அது ரெண்டு பக்கமும் ஒட்டிப் போச்சி.

"இன்னா தம்பி, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"ன்னு பாக்கறவங்கல்லாம் கேட்டாங்க. எல்லாம் வயித்தெரிச்சல்னு நெனச்சி உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினேன்.

விழுப்புரம் நகைக்கடைல மாமனாரு எனக்கு முன்னாடியே வந்து ஒக்காந்திருந்தாரு. மண்டகப்பட்டு பக்கம் சொந்த நெலத்துல மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, போடறவரு. அதிகம் பேச மாட்டாரு. கூடவே அவரு தம்பி. எனக்குச் சின்ன மாமா. இவரு அண்ணனுக்கும் சேத்துப் பேசுவாரு. இவருக்குச் சுகர் வந்து பல வருஷம் ஆச்சி. அதனால சுகர் விஷயத்துல தன்னை அரை டாக்டர்னே நெனச்சிக்கினு இருக்கறவரு.

என்னைப் பாத்ததும் ரெண்டு பேரும் எழுந்தாங்க. எழுந்தவங்க அப்டியே நின்னுட்டாங்க.

"என்னாங்க மாப்ள, இப்டி எளச்சிட்டீங்க?"ன்னாரு மாமனாரு.

"கொறைக்கறேன் மாமா"ன்னேன் பெருமையா.

கடைக்காரரு மோதிரத்த எடுத்துக் குடுத்தாரு. நிச்சயத்தப்போ நூல் சுத்தி அளவெடுத்துக்கினு போய் செஞ்ச மோதிரம். மாட்டினேன். கைய கீழ தொங்கவிட்டதும் அது நழுவி, தரையில விழுந்து, உருண்டு போய் சின்ன மாமா செருப்புக்கிட்ட நின்னுச்சி.

சின்ன மாமா குனிஞ்சி எடுத்தாரு. மோதிரத்தப் பாத்தாரு. என் விரலப் பாத்தாரு. அண்ணனப் பாத்தாரு.

"அண்ணே, விரலே எளச்சிப் போச்சி"ன்னாரு.

"அதில்ல சின்ன மாமா, கொழுப்பு மட்டும்தான் போயிருக்குது. சதை அப்டியே இருக்குது. வேணும்னா இங்க புடிச்சிப் பாருங்க"ன்னு கைய மடக்கிக் காட்டினேன்.

மூணு மாச ஒழைப்புங்க. அவரு நல்லா அமுக்கிப் பாத்துட்டு, "வீக்கம் மாதிரி இருக்குதே மாப்ள, வலிக்குதா?"ன்னாரு.

கடைக்காரரு அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு. அவரு தோள் குலுங்குச்சி.

மோதிரத்தச் சின்னதாக்க ஒரு மணி நேரம் ஆகும்னு சொன்னாங்க. "அதுவரைக்கும் ஏதாவது சாப்டலாம் வாங்க"ன்னு மாமனாரு பக்கத்து ஓட்டலுக்குக் கூட்டிக்கினு போனாரு.

"மாப்ளைக்கு ஜாங்கிரி வைப்பா"ன்னாரு சர்வர்கிட்ட.

"வேணாம் மாமா. நான் ஸ்வீட் சாப்டறதில்ல."

"சரி, காபி?"

"சக்கரை இல்லாம."

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினாங்க. அப்பவாவது என் மண்டையில மணி அடிச்சிருக்கணும். அடிக்கல. பையில இருந்து ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில எடுத்து மடமடன்னு பாதி குடிச்சேன்.

"தாகம் ஜாஸ்தியா எடுக்குதா மாப்ள?"ன்னாரு சின்ன மாமா, ரொம்ப அன்பா.

"ஆமாங்க, நெறைய குடிக்கறேன்"னு சொல்லிட்டு பாத்ரூமுக்குப் போனேன். வந்து ஒக்காந்தேன். காபி வர்றதுக்குள்ள மறுபடியும் போனேன். அவ்ளோ தண்ணி குடிச்சா வேற எங்க போவும்?

திரும்பி வந்து ஒரு கேப்சூல் எடுத்து வாயில போட்டேன்.

"அது என்னா மாத்திரை?"

"மீன் எண்ணெ மாத்திரைங்க."

"மறைக்காதீங்க மாப்ள. நானும் மாத்திரை சாப்டறவன்தான்."

மூணாவது தடவ பாத்ரூம் போய்ட்டு வரும்போது அவங்க பேசறது காதுல விழுந்துச்சி.

"எனக்கு வந்தப்பவும் இதே மாதிரிதாண்ணே. ஒடம்பு எளைக்கும், தாகம் எடுக்கும், ஒண்ணுக்கு ஓடிக்கினே இருக்கணும். இந்த வயசுலயே வந்திருச்சே, பாவம். வினோ வாழ்க்கையாச்சேண்ணே."

மாமனாரு காபி டம்ளர தள்ளி வச்சாரு. அப்புறம், "பத்திரிகை அடிக்கக் குடுக்கறத நிறுத்தி வைப்போம்"னாரு.

வினோவ எனக்கு அவ்ளோ புடிச்சிருந்துச்சிங்க. அந்தப் பொண்ணுக்காக எறக்கின தொப்பை அந்தப் பொண்ணையே எறக்கி விட்டுட்டுப் போயிடும் போல இருந்துச்சி.

நேரா போய் ஒக்காந்தேன். "மாமா, எனக்குச் சுகரெல்லாம் ஒண்ணும் இல்ல. இது டயட்டு. ஜிம்மு. சத்தியமா"ன்னேன்.

"எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்லுவாங்க. நான்கூட ஒரு வருஷம் சொன்னேன்"னாரு சின்ன மாமா.

வார்த்தையால ஆகாதுன்னு புரிஞ்சி போச்சி. சர்வர கூப்ட்டேன். "ஒரு பிளேட் ஜாங்கிரி குடுங்க. சாரி, ரெண்டு பிளேட்."

அவங்க கண்ணு முன்னாடியே எடுத்துக் கடிச்சேன். மூணு மாசம் கழிச்சி வாயில விழற ஜாங்கிரி. நிரூபிக்கத்தான் சாப்ட ஆரம்பிச்சேன். ரெண்டாவதுல இருந்து நிரூபிக்கறது மறந்து போச்சி. பாகு விரல்ல வழிஞ்சி மணிக்கட்டு வரைக்கும் வந்துச்சி. கண்ண மூடிக்கினு சாப்ட்டேன்.

"பாத்தீங்களா? சுகர் இருக்கறவன் இப்டி சாப்டுவானா?"ன்னேன்.

"நான் சாப்டுவேன்"னாரு சின்ன மாமா.

சொல்லிட்டு, மஞ்சப்பைக்குள்ள கைய விட்டு ஒரு சின்ன டப்பாவ எடுத்தாரு. தெறந்தாரு. உள்ள சுகர் பாக்கற மெஷினு, ஊசி, பஞ்சு, எல்லாம் வரிசையா இருக்குது. எங்க போனாலும் தூக்கிக்கினு போவாராம்.

"ஒரு சொட்டுதான் மாப்ள. சந்தேகம் தீந்துடும்."

எனக்கு ஒரே சந்தோஷம். இது அப்பவே தெரிஞ்சிருந்தா ஜாங்கிரிய தொட்டே இருக்க மாட்டேனேன்னு நெனச்சிக்கினு, கைய ஓட்டல்காரரு வச்சிருந்த பேப்பர்ல லேசா தொடச்சிட்டு விரல நீட்டினேன். குத்தினாரு. ரத்தத்தத் தொட்டு எடுத்தாரு. மெஷினு கீங்னு ஒரு சத்தம் போட்டுச்சி.

நானூத்திப் பன்னெண்டு.

சின்ன மாமா எதுவும் சொல்லல. அவரு பேசாம இருந்து அன்னிக்குத்தான் பாத்தேன். மாமனாரு தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சிக்கினாரு. பக்கத்து டேபிள்காரரு என் முன்னாடி இருந்த பிளேட்ட நைசா அந்தப் பக்கம் நகத்தி வச்சாரு.

எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. ஒருவேளை நெசமாவே இருக்குதோ? அதனாலதான் எளச்சேனோ? ஜிம்முல தூக்கின வெயிட்டெல்லாம் சும்மாவா?

மாமனாரு போன எடுத்து வினோவுக்குப் போட்டாரு. வினோ முண்டியம்பாக்கம் பக்கம் ஒரு லேப்ல வேல செய்யறா. தெனம் ஊருக்கே ரத்தம் எடுக்கறவ. போன ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வச்சாரு.

"அம்மா, மாப்ளைக்குச் சுகர் நானூத்தி சொச்சம் காட்டுதும்மா"ன்னாரு.

நான் போன் பக்கமா குனிஞ்சேன்.

"யாருப்பா எடுத்தது? சித்தப்பாவா?"

"ஆமாம்மா."

"அதுக்கு முன்னாடி அவரு என்னா சாப்ட்டாரு?"

"ஜாங்கிரி."

"கையாலயா?"

"வேற எதாலம்மா சாப்டுவாங்க?"

"சோப்பு போட்டுக் கழுவினாரா?"

மூணு பேரும் என் கையப் பாத்தோம். பஞ்சு இன்னும் விரல்லயே ஒட்டிக்கினு இருந்துச்சி. எடுத்தா வரல.

"அப்பா, நீங்க பாத்தது அவரு சுகர் இல்ல, ஜாங்கிரியோட சுகர். கழுவிட்டு வேற விரல்ல எடுக்கச் சொல்லுங்க."

ஓடினேன். அன்னிக்கு நாலாவது தடவ பாத்ரூம் பக்கம் போறேன், ஆனா இந்தத் தடவ யாரும் தப்பா நெனக்கல. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் தேச்சிக் கழுவிக்கினு வந்து ஒக்காந்தேன். சின்ன மாமா வேற விரல்ல குத்தினாரு.

நூத்தி இருவத்தெட்டு.

"ஜாங்கிரி சாப்ட்டதுக்கு இது நல்லா இருக்குதுப்பா"ன்னு வினோ சொன்னதும் மாமனாரு என் கையப் புடிச்சிக்கினாரு. "நாளைக்கே பத்திரிகை அடிக்கக் குடுத்துடறேன் மாப்ள"ன்னாரு. எனக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சி, மறைக்கறதுக்கு என்னா இருக்குது.

ஆனா சின்ன மாமா மட்டும் தன் விரலையே திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தாரு.

"ஏம்மா வினோ, நான்கூட தெனம் காலைல டீயில பிஸ்கட்ட தொட்டு சாப்ட்டுட்டு, அதே கையோடதான் குத்திப் பாக்கறேன். அப்டின்னா எனக்கும் சுகர் இல்லயோ?"

கேட்டுக்கினே, மிச்சமிருந்த ஜாங்கிரி பக்கம் மெதுவா கைய நீட்டினாரு.

"உங்களுக்கு இருக்குது சித்தப்பா. நான்தான் லேப்ல எடுத்துப் பாத்தேன். பிளேட்டுல இருந்து கைய எடுங்க."

போன்லயே எப்டிக் கண்டுபுடிச்சாளோ, சின்ன மாமா சட்டுனு எடுத்துட்டாரு. அந்தப் பக்கத்துல இருந்து நீண்டுக்கினு இருந்த என் கையையும் நான் சத்தமில்லாம எடுத்துக்கினேன்.

கல்யாணத்துக்கு அப்புறமும் நான் எளச்சிக்கினேதான் இருப்பேன் போல.