லிட்மஸ் தாளும் நாக்கு மேஸ்திரியும்

பேரையூர் தாலுகாவிலேயே சாணக் கரைசலை விரலால் தொட்டு, நாக்கில் வைத்து, "லேசாப் புளிக்குது" என்று சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். இரண்டாவது ஆளை என் நெஞ்சு தாங்கியிருக்காது.

எண்பதுகளின் தொடக்கம். விறகுக்காக மரமெல்லாம் போய்விடுமே என்று சர்க்கார் விழித்துக்கொண்டு, சாண எரிவாயுக் கலன் கட்ட மானியம் கொடுத்த சமயம். டிப்ளமோ முடித்த கையோடு யூனியன் ஆபீஸில் எனக்கு வேலை: கட்டிய கலன்களைச் சோதிப்பது. பையில் சோதனைப் பட்டியல், லிட்மஸ் தாள், பேனா இரண்டு. கலன்களைக் கட்டியவர் நாக்கு மேஸ்திரி. அவருக்கு வேறு பெயர் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் நான் தாளை நனைப்பதற்குள் அவர் நக்கிவிட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மேஸ்திரி இது!"

"புளிச்சிருச்சு தாயி. ரெண்டு நாளைக்குச் சாணி ஊத்தாம குழியைப் பட்டினி போடணும்."

என் தாள் அதற்குப் பிறகுதான் சிவந்தது.

இன்னொரு வீட்டில் சாணத்தை முகர்ந்ததும் மாட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "ஏன் மாப்ள, மாட்டுக்கு வைக்கோல் போடுறியா, சினிமா போஸ்டர் போடுறியா? பசை வாடையில்ல வருது!" விசாரித்தால், மாடு தினமும் மேய்வது பஸ் ஸ்டாண்டில்.

பேச்சியம்மாள் வீட்டில்தான் விஷயம் பெரிதானது. பத்துப் பேருக்குப் புகையில் சமைத்துக் கண் கலங்கியே கிடந்தவள். அடம்பிடித்துக் கலன் கட்ட வைத்திருந்தாள். புருஷன் தவசி ஒரே நிபந்தனை போட்டிருந்தார்: பெரிய ஆபீஸர் பார்க்க வரும் நாளில் அடுப்பு எரியாவிட்டால் குழியை மூடிவிடுவார்.

அந்த நாளும் வந்தது. அடுப்பு எரியவில்லை.

நான் பட்டியலைப் பிரித்தேன். வால்வு சரி. குழாயில் தண்ணீர் இல்லை. கேஸ் சேரும் டிரம்மில் ஓட்டை இல்லை. மேஸ்திரி விரலை விட்டு நக்கினார். வாழ்க்கையில் முதல் முறையாகத் துப்பினார்.

"பினாயில்!"

பேச்சியம்மாள் தொழுவத்தைக் காட்டினாள். "ஆபீஸர் வாராகளேன்னு மூணு நாளா தொழுவத்தைப் பினாயில் ஊத்திக் கழுவினேண்ணே..."

கழுவிய தண்ணீரெல்லாம் குழிக்குள். கேஸ் உண்டாக்கும் கிருமிகள் கூண்டோடு காலி. என் பட்டியலில் 'அதிகச் சுத்தம்' என்று ஒரு வரி இல்லவே இல்லை.

தவசி மண்வெட்டியை எடுத்தார். மேஸ்திரி கேஸ் இல்லாமல் குழிக்குள் இறங்கிக் கிடந்த அந்த இரும்பு டிரம்மின் மேல் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கிய ஆபீஸர் பார்த்த முதல் காட்சி அதுதான்.

"மூடுறதுன்னா என்னையும் சேத்து மூடு மாப்ள. இல்ல, பதினஞ்சு நாள் குடு."

ஆபீஸர் முன்னால் மறுக்க முடியாமல் தவசி பதினைந்து நாள் கொடுத்தார்.

மேஸ்திரி குழியைப் பாதி இறைத்துவிட்டு, அடுத்த ஊரில் நன்றாக எரியும் கலனிலிருந்து இரண்டு பானை கரைசலை டவுன் பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். நானும் அதே பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி, அவரைத் தெரியாதவள் மாதிரி.

"அண்ணே, பானையில என்ன?" என்றார் கண்டக்டர்.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரி, சாணிக்கு உறை" என்று மூடியைத் திறந்து காட்டினார். அடுத்த நிறுத்தத்தில் பஸ் காலி.

பதினான்காம் நாள் காலை அடுப்பு நீலமாக எரிந்தது. தவசி மண்வெட்டியைத் தானே கொண்டுபோய் உள்ளே வைத்தார். பேச்சியம்மாள் முதல் டீயை மேஸ்திரிக்குத்தான் கொடுத்தாள்.

"சீனி போதுமாண்ணே?"

மேஸ்திரி நாக்கை நீட்டிக் காட்டினார். வெந்திருந்தது. "அந்தப் பினாயில்லயிருந்து ஒண்ணும் ருசி தெரியல தாயி. ஆனா சூடா இருக்கு. அம்புட்டு போதும்."

சோதனைப் படிவத்தில் 'பயன்படுத்திய கருவிகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அன்று அதில் இரண்டு எழுதினேன். லிட்மஸ் தாளை இரண்டாவதாக.