எண்ணூர்க் கரைக்கு எதிரே படகிலேயே உட்கார்ந்திருந்த காரணம்

ராயபுரம்,
ஹேவிளம்பி வருடம், ஆவணி மாதம் 18ஆம் தேதி,
செவ்வாய்க்கிழமை.

எண்ணூர்க் குப்பத்துப் பெரியவரும், என் மகள் மங்கைக்கு மாமனாராக வரவேண்டியவருமான மகாராஜஸ்ரீ கருணாகரன் அவர்கள் சமூகத்துக்கு, ராயபுரம் கோதண்டம் தலைவணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். அங்கே தாங்களும் வீட்டம்மாவும் கோபத்தைத் தவிர வேறு குறை எதுவும் இல்லாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த நாங்கள், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் படகை நிறுத்திக்கொண்டு, தாங்கள் ஜரிகை வேட்டியோடு வெயிலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டும் இறங்காமல் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது உண்மை. அதற்காகத் தாங்கள் எங்கள் பூத்தட்டையும் பழத்தட்டையும் தொடாமல் திருப்பி அனுப்பி, "எறங்கி வர மனசு இல்லாதவன் வூட்டுப் பொண்ணு எங்களுக்கு வோணாம்" என்று சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாங்கள் திமிரால் இறங்காமல் இருக்கவில்லை, சிப்பியால் இறங்கவில்லை. அதை விவரமாக எழுதாவிட்டால் என் மகளின் கல்யாணம் நின்றுபோகும் என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து கிழிக்காமல் கடைசிவரை படிக்கவும்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை, நாமெல்லாம் கட்டுமரத்துக்காரர்கள். கடலிலிருந்து வந்ததும் மரத்தைக் கரைக்கு இழுத்து, கயிற்றை அவிழ்த்து, கட்டையைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப்போட்டுவிடுவோம். வெயிலில் காயும் கட்டையில் சிப்பி எங்கே வந்து ஒட்டும்? என் அப்பா காலத்திலும் ஒட்டவில்லை, என் காலத்திலும் ஒட்டவில்லை. இந்தச் சித்திரையில் சர்க்கார் திட்டத்தில் எனக்கு விசைப்படகு வந்தது. அதைத் தினமும் இழுத்துக் கரையில் போட முடியாது, ராப்பகலாகத் தண்ணீரில்தான் நிற்கவேண்டும். எஞ்சின் பூட்டிய கிருஷ்ணப்பன் மேஸ்திரி அன்றைக்கே என்னிடம் சொன்னார்: "நைனா, இத்த ஓட்டிக்கினே இருக்கணும். சும்மா நிறுத்தி வெச்சா அடியிலே சிப்பி வந்து குந்திக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தபா கரையேத்திச் சொரண்டணும். அடிப்பலகைக்குச் செம்பு பெயிண்ட் வலிக்கணும், செம்பு இருந்தா சிப்பி அண்டாது. பின்னாலே சுத்துது பாரு பித்தளை விசிறி, அதுலேயே செம்பு கீது, அதுக்கு மட்டும் எந்தப் பெயிண்டும் அடிச்சுடாதே. கோணிச்சாக்காலே தேச்சாப் போதும்." நான் தலையை ஆட்டினேன். அவர் வேலை கிடைப்பதற்காகச் சொல்கிறார் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது, ஆவணியில் வருகிறோம் என்று தங்களுக்குச் சொல்லி அனுப்பினேன் அல்லவா? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எண்ணூருக்கு ரயில் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் சம்பந்தி வீட்டுக்கு விசைப்படகில் டபடபவென்று போய் இறங்கினால் அந்தக் கௌரவமே தனி என்று தோன்றியது. அதற்காகப் படகைக் கரையேற்றி, மேலிருந்து கீழ்வரை நீல எனாமல் அடித்தேன். விசிறி மட்டும் மஞ்சளாக இருக்கிறதே, பொருத்தமாக இல்லையே என்று அதற்கும் இரண்டு கை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். பிறகு மீன் கறை படக்கூடாது என்று துறைமுகத்துக் கருங்கல்லுக்குப் பக்கம் அலை இல்லாத இடமாகப் பார்த்து நாற்பது நாள் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, நான் என் பழைய கட்டுமரத்திலேயே தொழிலுக்குப் போனேன். தினமும் போய் மேல்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்தேன். கீழ்ப்பக்கம் ஒன்று இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. எந்தெந்தக் காரியம் செய்யாதே என்று மேஸ்திரி சொன்னாரோ, அவற்றை ஒன்றுவிடாமல் செய்திருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான், என் வீட்டுக்காரி பவுனம்மாள், அவளுடைய அண்ணன் சின்னப்பையன், தட்டுகள் சகிதம் புறப்பட்டோம். எட்டரைக்கு வந்து சேரவேண்டியது. எஞ்சின் என்னவோ ஊரைக் கூட்டும்படி சத்தம் போடுகிறது, புகை கக்குகிறது, படகு மட்டும் நகரமாட்டேன் என்கிறது. திருவொற்றியூர் கோபுரம் ஒரு மணி நேரம் எங்களோடேயே வந்தது. மூன்று கட்டுமரக்காரர்கள் துடுப்புப் போட்டபடி எங்களைத் தாண்டிப் போனார்கள். அதில் ஒருத்தன், "இன்னாபா, இஸ்துக்கினு போவட்டா?" என்று கேட்டான். பவுனம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

தங்கள் கரைக்கு எதிரே முகத்துவாரத்தில் வந்து சேர்ந்தபோது மணி பத்தேமுக்கால். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகு காலம். பெண் வீட்டார் ராகு காலத்தில் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறலாமா? "எறங்கினா என் பொணத்து மேலேதான் எறங்கணும்" என்று பவுனம்மாள் படகு ஓரத்தில் கையை விரித்து நின்றுவிட்டாள். அதனால் நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். தாங்கள் கூப்பிட்டபோது சின்னப்பையன் எழுந்து கையை ஆட்டியது, கொஞ்சம் பொறுங்கள் என்பதற்காக. தூரத்தில் அது வேண்டாம் என்பதுபோலத் தெரிந்திருக்கும். பழத்தட்டில் இரண்டு வாழைப்பழம் குறைந்திருந்ததும் உண்மை. சின்னப்பையனுக்கு வயது அறுபது, தலை சுற்றுகிறது என்றார்.

சரியாகப் பன்னிரண்டுக்கு நங்கூரத்தை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஆற்றிலிருந்து வெள்ளம் கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கியும் விசிறி சும்மா தண்ணீரைக் கலக்கியதே தவிரத் தள்ளவில்லை. படகு தங்கள் பக்கம் மூக்கை நீட்டியபடியே பின்னால் கடலுக்குள் போய்விட்டது. ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிப் போகிறார்கள் என்று தாங்கள் நினைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். கரையில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

தங்கள் மகன் குமாரவேல்தான் கட்டுமரத்தில் வந்து, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு படகுக்கு அடியில் முழுகினார். மேலே வந்து, "மாமா, விசிறிக்கு எறக்கையே தெரியல. பலாப்பழம் மாட்டினா மாதிரி கீது" என்றார். அரை மணி நேரம் முழுகி முழுகிச் சுரண்டினார். கையெல்லாம் சிப்பி கீறி ரத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு எங்கள் தட்டுகளைக் கரைக்குக் கொண்டுவந்து, தாங்கள் தொடாததால் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தவரும் அவர்தான். "எங்க நைனா கோவமும் ராகு காலமும் ஒண்ணு மாமா, ஒன்ற மணி நேரம் ஒதுங்கி நின்னாப் பூடும்" என்று எனக்குத் தைரியம் வேறு சொன்னார். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது.

மங்கை சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோகிறாள். நான் வலை பிரிப்பதுபோல் தலையைக் குனிந்துகொள்கிறேன். என் பெருமைக்கு என் மகள் ஏன் பட்டினி கிடக்கவேண்டும்? ஆகவே தங்களுக்கு மூன்று உறுதி தருகிறேன். இந்தப் படகை விற்றுவிடுகிறேன், ஆள் பார்க்கும்படி மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமை ரயிலேறி, எட்டரைக்குள் தங்கள் வாசலில் வந்து நிற்கிறோம், பழம் எண்ணிக்கை குறையாமல். தாங்கள் மனம் இரங்கிச் சம்மதம் சொல்லும்வரை தங்கள் மகனை எங்கள் தெருப்பக்கம்கூட வரவிடமாட்டோம், பெரியவர்களை மீறி ஒரு காரியம் செய்கிற குடும்பம் இது இல்லை.

தங்கள் வீட்டம்மாவுக்குப் பவுனம்மாள் கும்பிடு சொல்லச் சொன்னாள். தங்கள் வலையில் என்றும் கனம் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
கோதண்டம்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மங்கை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. ஏன் என்று கேட்டேன், படகைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். போனேன். படகு கரையேறி நிற்கிறது, அடிப்பலகை சுத்தமாகச் சுரண்டியிருக்கிறது, விசிறியில் என் நீல எனாமல் துளிகூட இல்லை. ஒரு பக்கம் மேஸ்திரி, இன்னொரு பக்கம் கையில் கட்டுப் போட்ட தங்கள் மகன், இரண்டு பேரும் செம்பு பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமையிலிருந்தே தினம் வருகிறாராம். படகை விற்கக்கூடாது, வியாழக்கிழமை அதிலேயே எண்ணூருக்குப் போகவேண்டும், தானே ஓட்டுகிறேன் என்கிறார். ஆகவே ரயிலில் வருவதாக எழுதியதைத் தள்ளிவிடவும், விற்பதாக எழுதியதையும் தள்ளிவிடவும். மூன்றாவது உறுதியைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் இப்போது எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மங்கை பரிமாறுகிறாள், அவளும் சாப்பிட்டாள். "ஊட்லே இன்னா சொல்லிட்டு வந்தே?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல மாமா. நீங்கதான் நைனாவுக்குக் கடுதாசி போடறீங்களே, நான் நல்லாக் கீறேன்னு அதிலேயே ஒரு வரி சேத்துடுங்க" என்றார். சேர்த்துவிட்டேன்.