உபயக் கற்களும் ஓம்பாக் அங்கிளும்

வாழை இலைச் சோற்றைப் பார்த்துக் கவலைப்பட்ட மனிதர் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான். எங்கள் ஓம்பாக் அங்கிள். ஓம்பாக் என்றால் மலாயில் அலை. அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் நான் குமாஸ்தா, அவர் சைட் சூப்பர்வைசர். கடலோரத்தில் பாறாங்கல் அடுக்கிக் கரையைக் காப்பது அவர் வேலை. அதைக் கடலோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம். மதியம் கீழே இலைக்கடையில் ரசவாளி வரும்போதே கையை நீட்டித் தடுப்பார்.

“நிறுத்துங்க அண்ணே! இவரு சோத்தைச் செங்குத்தா வெட்டி வச்சிருக்காரு. ரசம் அடியில தோண்டிடும் லா!”

“அங்கிள், பசிக்குது.”

“ரெண்டு நிமிஷம். சோத்தைச் சரிவா வைங்க. அடியில வடையைப் பிச்சு வைங்க, அதான் சரிவைத் தாங்குற கால் கல்லு. ஆ, இப்ப ஊத்துங்க.”

ரசம் வடைத் துண்டுகளுக்கு இடையே புகுந்து, சரிவில் ஏறிக் களைத்து, சாதுவாகத் திரும்பி வரும். “பாத்தீங்களா, அலைக்கு மூச்சு வாங்குது!” என்று பக்கத்து மேசைக்காரரிடமும் பெருமைப்படுவார். அதற்குள் என் அப்பளம் நமத்துப் போயிருக்கும்.

ஒரு தைப்பூசத்துக்குப் பத்துமலையில் அவருடைய செருப்பைக் காணோம். வேறு யாராக இருந்தாலும் திட்டிவிட்டு வெறுங்காலோடு ரயில் ஏறியிருப்பார்கள். இவர் கூட்டத்தை உற்றுப் பார்த்தார். “கூட்டம் சாய்வா வருது. சாய்வா வர்ற அலை மணலைக் கரையோரமாவே தள்ளிக்கிட்டுப் போவும். செருப்பும் அப்படித்தான் போயிருக்கும்” என்று சொல்லி நேராக ஒரு விளக்குக் கம்பத்துக்கு நடந்தார். அங்கே இடது செருப்பு கிடந்தது! வலது செருப்பு எங்கே என்று கேட்டதற்கு, அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்றார். ஒற்றைச் செருப்போடு அவரைச் செந்துல் வரை கூட்டிக்கொண்டு போனவன் நான்.

இப்படிப்பட்டவரை எங்கள் கோவில் கூட்டத்துக்கு அழைத்ததும் நான்தான். மோரிப் பக்கம் கடலோரத்தில் ஒரு சின்ன அம்மன் கோவில். நான் அதற்குச் செயலாளர். வருடா வருடம் கடல் உள்ளே வந்து, மடைப்பள்ளிக்குப் பின்னால் நாலு முழம் மண்தான் மிச்சமிருந்தது. இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். திருவிழாவில் கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் நின்ற பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களை வெட்டித் தள்ளியதே எங்கள் கமிட்டிதான். வேரால் சேற்றைப் பிடித்து வைத்திருந்த மரங்கள் போனதும், கடல் மிக நன்றாகவே தெரிந்தது.

தலைவர் நேரான கான்கிரீட் சுவர் கேட்டார். அங்கிள் தலையில் கை வைத்தார்.

“நேர் சுவர்ல அலை மோதினா, திரும்பி அடிச்சு அடியில சேத்தைத் தோண்டும் தலைவரே. பெரிய கல்லா சரிவா அடுக்குங்க. மறுபடி பாக்காவ் நடுங்க.”

“கல்லைக் குவிச்சா உபயகாரர் பேரை எங்க போடுறது?”

அங்கிள் படித்த எந்தப் பாடத்திலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. நம் ஊரில் உபயகாரர் பேர் இல்லாமல் ஒரு மின்விசிறிகூடச் சுற்றாது என்பது உங்களுக்குத் தெரியும். நானும் தலைவர் பக்கம்தான் கையைத் தூக்கினேன். சுவரில் முதல் பேர் என் அப்பாவுடையது.

சுவர் எழும்பியது. வெள்ளை டைல், தங்க எழுத்து. ஆண்டுக் கடைசியில், ஓர் அமாவாசைக் கடல் பெருக்கில், அத்தனை உபயகாரர்களும் குடும்பத்தோடு சேற்றில் குப்புற விழுந்தார்கள். இப்போது இரண்டு முழம்தான் மிச்சம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அங்கிள் வந்தார். “அப்பவே சொன்னேனே” என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கையில் ஒரு பெயின்ட் டப்பாதான் இருந்தது.

“யோசிச்சேன் தம்பி. ஒரு கல்லுக்கு ஒரு பேரு. போதுமா?”

போதுமாவா! லோரி லோரியாகக் கல் வந்தது. மேல் வரிசைக்கு அடிதடி. எல்லாக் கல்லையும் தாங்குகிற கால் கல் வரிசைக்கு மட்டும் ஆளில்லை. அது சேற்றில் புதைந்து கிடக்கும், கடல் நன்றாக வற்றினால்தான் தெரியும். கெஞ்சிப் பார்த்தும் யாரும் பேர் தரவில்லை. பேரில்லாமலே அதை அங்கிள் மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக வைத்தார்.

அப்புறம் நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு பெருக்குக்கும் மறுநாள் காலையில் உபயகாரர்கள் தங்கள் கல்லைப் பார்க்க வரிசையாக வந்தார்கள். “எங்க வீட்டுக்காரரு ரெண்டு அடி கீழ இறங்கிட்டாரு, உடனே வாங்க!” என்று ஓர் அக்கா அலுவலகத்துக்கே போன் போட்டார். எங்கே சரிகிறது என்பது கல் உருளும் முன்னே தெரிந்துவிடும். இவ்வளவு அக்கறையான மேற்பார்வை தன் வேலைக்காலத்தில் கண்டதில்லை என்று அங்கிள் கண் கலங்கினார்.

கோவில் நிற்கிறது. நட்ட பாக்காவ் என் தோள் உயரம் வந்துவிட்டது. அங்கிள் ஓய்வு பெற்று ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். சுற்றிலும் மலை, மருந்துக்கும் கடல் கிடையாது. அதனால் ஒவ்வொரு பெருக்குக்கும் போன் வரும்.

“யாரு நகர்ந்தது?”

“மேல தலைவர் கொஞ்சம் சாஞ்சிருக்காரு அங்கிள்.”

“அவரு அப்படித்தான். கால் கல்லு?”

“அசையல அங்கிள்.”

போன மாதம் கடல் வற்றியபோது நான் முழங்கால் சேற்றில் இறங்கி, அந்த வரிசையின் நடுக்கல்லில் ‘ஓம்பாக் அங்கிள் உபயம்’ என்று எழுதிவிட்டு வந்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.