பஸ்ஸில் ஏறாதவனின் இடுப்பு

ஊரை நடக்கச் சொல்லுகிறவன் தானும் நடக்க வேண்டும். இந்த ஞானம் எனக்குத் தலை வழியாக ஏறவில்லை; இடுப்பு வழியாகத்தான் ஏறியது.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். கோரிக்கை நிறைவேறும்வரை எவனும் அரசாங்க பஸ்ஸில் ஏறக் கூடாது என்று பாறசாலைச் சந்தியில் முழங்கினேன். (தொண்டை முந்தியே வந்துவிட்டது, புத்திக்குத்தான் தாமதம்.) மறுநாள் நெய்யாற்றின்கரையில் கூட்டம். வெயிலைப் பார்த்தேன், பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு, பஸ்ஸில் நான் ஒருவன்தான். முன் சீட்டில் சொகுசாக இருந்தேன். மாடு ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக் போட்டார். கால்முட்டு முன்பலகையில் இடித்தது. இடுப்பில் ஏதோ கழன்றது.

யாரும் பார்க்குமுன் புளியமரத்தடியில் இறக்கிவிடும்படி டிரைவரிடம் கெஞ்சினேன். அவர் போன பின், கூட்டத்துக்கு நடந்து வந்த என் தோழன் தங்கப்பனும் மற்றவர்களும் என்னைக் கண்டு பதறினார்கள். "போலீஸ்" என்றேன். அவ்வளவுதான், பக்கத்து வீட்டுக் கட்டிலில் கிடத்தி, கோஷத்தோடு ஊர்வலமாகவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். வழியில் மாலை வேறு.

டாக்டரம்மா தங்கப்பனின் நெஞ்சு உயரம்தான். கோஷத்தை வாசலில் நிறுத்திவிட்டு அவனை மட்டும் உள்ளே விட்டார். முதலில் தொடாமல் பார்த்தார். என் கால் குறுகி, மடங்கி, உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பெலும்பை இருபுறமும் அழுத்தினார். பாதத்தை அசைக்கச் சொன்னார்.

"தம்பி, இது தடியடியில வாறது இல்ல. இருந்த இருப்பில முட்டு இடிச்சாத்தான் தொடையெலும்புக்க உருண்டை குழியை விட்டுப் பின்னால சாடும். எந்த வண்டி, எந்த சீட்டு?"

தங்கப்பன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"அடிதான்னு சொன்னா, எலும்பு ஒடிஞ்சிருக்கும்னு நான் இழுக்க மாட்டேன். நேரம் போனா உருண்டைக்கு ரத்தம் கிட்டாது. பொறவு ஆயுசுக்கும் நொண்டணும்."

மானமா, காலா? "பஸ்ஸு. முன் சீட்டு" என்றேன்.

ஊசி போட்டு, என்னைத் தரையில் பாயில் கிடத்தி, தங்கப்பனை இடுப்பை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவன் அமுக்கிய அமுக்கில் நடந்தே வந்தவனின் கோபம் முழுவதும் இருந்தது.

"அப்படித்தான் மக்கா, விட்டிராத" என்றார் டாக்டரம்மா. என் கால்முட்டை மடக்கி, அடியில் கையைக் கொடுத்து, வெடுக்கென்று இழுக்காமல் நிதானமாக மேலே தூக்கினார். அந்தச் சின்ன உடம்பில் அத்தனை பலமும் பொறுமையும் எங்கே இருந்தனவோ! 'டொக்' என்று உருண்டை குழியில் விழுந்தது. கால் பழையபடி நீண்டது. வலி நின்ற ஆச்சரியத்தில் அழுதுவிட்டேன். அந்தக் கைகளை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.

காலில் எடை கட்டி வாரக்கணக்கில் கிடந்தேன். இப்போது நொண்டாமல் நடக்கிறேன். நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே இருக்கிறது. கல்யாண வீடுகளில் தங்கப்பன் சொல்லுவான்: "தாலுகாவைச் சேர்க்க முடியல்ல. இவனுக்க இடுப்பைச் சேர்த்தது நானாக்கும்."

வீட்டில் நான் குரலை உயர்த்தி ஏதாவது கொள்கை பேச ஆரம்பித்தால் போதும், என் மனைவி அடுக்களையிலிருந்து தலையை நீட்டிக் கேட்பாள்: "எந்த சீட்டு?"