என் அட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும், பிரசவத்துக்காகத் தங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் என் மனைவியும், அவள் வயிற்றில் இருக்கும் எங்கள் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. இந்த இடத்தில் 'இங்கு நான் நலம்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று தெரியும். இந்தத் தடவை பொய் எழுதக் கை வரவில்லை.

போன தடவை போனில், "மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுக் காத்து பட்டதும் பெண்டாட்டி மறந்துபோச்சு, எங்க வீடும் மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் பட்டென்று வைத்துவிட்டீர்கள். அதோடு பேச்சும் நின்றுபோச்சு. மறுபடி போனில் பேசினால் நானும் ஏதாவது சொல்லித் தொலைப்பேன் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். மாமா, நான் வரமாட்டேன் என்றா சொன்னேன்? குடியிருப்பு அட்டை கைக்கு வராமல் இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். வேலையும் போய்விடும், இவ்வளவு நாள் பட்ட பாடும் போய்விடும். அட்டை வந்த மறுநாளே கிளம்பிவிடுவேன். தலைப்பிள்ளை பிறக்கும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிற ஒரே ஆசையில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எத்தனை தடவை சொல்வது!

அட்டை தயார், தபாலில் அனுப்பியாகிவிட்டது என்று குடியேற்ற ஆபீஸிலிருந்து செய்தி வந்தபோது நான் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடித்தார். அதற்கப்புறம் பிடித்தது சனியன். இந்த வீட்டில் இத்தனை குடித்தனத்துக்கும் சேர்த்து மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு தபால் பெட்டி, அதற்குப் பூட்டும் கிடையாது, மூடியைத் தூக்கித்தான் தபாலைப் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் கையை விட்டு எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். இது சரிப்படாது என்று நானே ஒரு பூட்டு வாங்கி மாட்டினேன். நல்ல காரியம்தானே மாமா? சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் பாட்டுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் மலை மாதிரி படுக்கை விரிப்புகளை மடித்துப்போட்டு இடுப்பொடிந்து வந்து பார்த்தால் மொத்தக் குடித்தனமும் பெட்டியைச் சுற்றி நிற்கிறது, வீட்டுக்காரம்மா கையில் சுத்தியலோடு நடுவில் நிற்கிறாள். பூட்டைப் பார்த்த தபால்காரன், நமக்கென்ன வந்தது என்று எல்லாத் தபாலையும் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மத்தியானம் மழை. ஒருத்தருக்கு வந்த கல்யாணப் பத்திரிகை கஞ்சியாகிவிட்டது. அவ்வளவு பேரும் என்னைத் திட்டினார்கள். இந்த ஊர்ப் பாஷை எனக்கு அரைகுறைதான், ஆனால் திட்டு மட்டும் ஒன்றுவிடாமல் புரிந்தது.

அட்டை வந்தபாடில்லை, சரி, நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று லீவு போட்டு ஆபீஸுக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பொண்ணு நகத்தைப் பார்த்துக்கொண்டே, "போய்ச் சேர்ந்தாச்சு சார். நீங்க கொடுத்த விலாசத்துல ஒருத்தர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு" என்றாள். யாரு வாங்கினது? எந்த விலாசம்? காட்டும்மா என்றேன். "விலாசம் நீங்க எழுதிக் கொடுத்ததுதானே சார், உங்களுக்கே தெரியாதா?" என்கிறாள். என் விலாசம் எனக்குத் தெரியாதாம்! என்ன திமிர் பாருங்க! கையெழுத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தாள், பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமா, அந்தக் கையெழுத்து இருக்கே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கல. முதல்ல ஒரு கொக்கி, அதுலேர்ந்து வயித்துவலிக்காரன் புரளுற மாதிரி ஒரு கோடு, கடைசியில யார் மேலயோ இருக்கிற கோபத்தைக் காட்டுற மாதிரி ரெண்டு குத்து. இவ்வளவு கேவலமான கையெழுத்தை என் ஆயுசுல பார்த்ததில்லை. இதைப் போட்டவன் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்கமாட்டான். அதுலயும் எங்கேயோ பார்த்த மாதிரியே வேற இருக்கு, அதுதான் இன்னும் எரிச்சல். தாங்கள் ரிடையர் ஆகிறவரைக்கும் பத்திரப்பதிவு ஆபீஸில் ஊரார் கையெழுத்தையெல்லாம் சரிபார்த்தவர். கையெழுத்தைப் பார்த்தே ஆளோட யோக்கியதையைச் சொல்லிடுவேன்னு பெருமையா சொல்வீங்களே, அதனால நகல் ஒண்ணு இதோட வச்சிருக்கேன். எப்பேர்ப்பட்ட அயோக்கியன்னு பார்த்துச் சொல்லுங்க.

எனக்கு மேல் மாடிக்காரன் மேலதான் சந்தேகம். டாக்ஸி ஓட்டுறவன், எப்பப் பார்த்தாலும் வாயைப் பிளந்துக்கிட்டே இருப்பான், அதனால நான் வச்ச பேரு கொட்டாவி. நேரா போய்க் கதவைத் தட்டினேன். "என் அட்டையை எடுத்தியா?"ன்னேன். "என்ன அட்டை?"ன்னான். "நடிக்காதே, ஒரு கையெழுத்துப் போடு பார்க்கலாம்"னு காகிதத்தை நீட்டினேன். பாவி, கொட்டாவி விட்டுக்கிட்டே போட்டான் பாருங்க, கல்யாணப் பத்திரிகையில அச்சடிக்கலாம், அவ்வளவு அழகு! எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. அதுக்காகச் சும்மா வரமுடியுமா? "இப்படி அழகா போடுறவன்தான் வேணும்னே மாத்திப் போடுவான்"னு கத்திட்டு வந்தேன். மறுநாளிலிருந்து வாசல்லயே காவல், அட்டையை யார் கையில கொடுத்தான்னு தபால்காரனைக் கேட்கணுமே. தபால்காரன் காதுல பாட்டை மாட்டிக்கிட்டு வர்றவன், கூப்பிட்டாத் திரும்பமாட்டான், அதனால ஓடிப்போய்ப் பையைப் பிடிச்சேன். அவன் திருடன்னு நினைச்சு என்னைத் தள்ளிவிட்டான். கணுக்கால் வீங்கிப்போச்சு. இந்தக் கூத்துல லீவெல்லாம் தீர்ந்து, சலவைக்கூடத்து மேஸ்திரி, "நீ தபாலாபீஸ்லயே வேலை பார்த்துக்கோயேன்"னு கிண்டல் பண்றாரு. அங்க என் பெண்டாட்டிக்கு மாசம் ஏறிக்கிட்டே இருக்கு, ராத்திரி தூக்கம் இல்லைங்கிறா, கால் வீங்குதுங்கிறா. எனக்கும்தான் வீங்குதுன்னு சொன்னேன், அழ ஆரம்பிச்சுட்டா. நான் யார் கிட்டப் போய் அழறது மாமா? அந்தக் கையெழுத்துப் போட்ட கை மட்டும் என் கையில சிக்கட்டும், அப்புறம் இருக்கு!

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். என் மனைவியை மாடிப்படி ஏறவிட வேண்டாம். தங்கள் ஆசீர்வாதம் ஒன்றே போதும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் மரியாதை குறையாத, மற்ற எல்லார் மேலும் கோபம் குறையாத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போற நேரத்துல உங்க பொண்ணு போன் பண்ணினா. குழந்தைக்கு மெத்துன்னு பழைய துணி தேடி உங்க பீரோவைத் திறந்தாளாம். வீட்டுப் பத்திரத்துக்கும் அத்தை நகைப்பெட்டிக்கும் நடுவுல, ஒரு மடிப்புக்கூடக் கலையாம, என் பேர் போட்ட உறை இருக்காம். உங்களைக் கேட்டதுக்கு, "அது மாப்பிள்ளை பேருக்கு வந்த சர்க்கார் தபால், நாம பிரிக்கக்கூடாது, இன்னொருத்தர் கையிலயும் கொடுக்கக்கூடாது. இங்க வராம எங்க போயிடுவாரு? வந்து வாங்கிக்கட்டும்"னு சொன்னீங்களாம். மாமா, அது வந்தாத்தான் நான் வரமுடியும்! நீங்க நான் வந்தாத்தான் அதைக் கொடுப்பேங்கிறீங்க! இப்படியே இருந்தா உங்க பேரப்பிள்ளை காலேஜ் முடிச்சுட்டு வந்து அதை எடுத்துக்கொடுக்க வேண்டியதுதான்.

உடனே பெட்டியைத் திறந்து எங்க கல்யாணப் பதிவு நகலை எடுத்தேன். சாட்சிக் கையெழுத்து: கொக்கி, கோடு, ரெண்டு குத்து. மேலே கையெழுத்தைப் பத்தி எழுதினது உங்களை இல்ல. ஆனா அது உங்களுடையதுதான். லெட்டரைக் கிழிச்சுட்டு வேற எழுதலாம்னு பார்த்தேன், இவ்வளவு கோபத்தையும் வீணாக்க மனசு வரல. கொட்டாவி கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். கொட்டாவி விட்டாரு, டீயும் கொடுத்தாரு.

தப்பு என் மேலதான் மாமா. விண்ணப்பத்துல தற்போதைய விலாசம்னு கேட்ட இடத்துல இந்த ரூமை எழுதினேன். நிரந்தர விலாசம்னு கேட்டதும் கை தானா உங்க வீட்டை எழுதிடுச்சு. எங்க அப்பா அம்மா போனதுக்கப்புறம், எவன் கேட்டாலும் நான் எழுதுறது அதைத்தான். இங்கே நிரந்தரம்னா தினமும் படுத்து எழுந்திருக்கிற இடமாம், அட்டையையும் அந்த விலாசத்துக்குத்தான் அனுப்புவாங்களாம், எனக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டை மறந்துட்டேன்னு சொன்னீங்களே, மறந்திருந்தா இந்நேரம் அட்டை என் கையில இருந்திருக்கும்.

இதைப் படிச்ச கையோட கூரியர்ல போடுங்க. இந்த உறைக்குப் பின்னாடி இருக்கிற ரூம் விலாசத்தைப் பார்த்து எழுதுங்க, வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். தற்போதைய விலாசத்துக்கு அட்டை வந்து சேரட்டும். நிரந்தர விலாசத்துக்கு நான் வந்து சேர்றேன்.