விஜிக்கு ஆகாத பாகற்காய்

மயிலாப்பூர்,
தை கடைசி வெள்ளி.

சிரஞ்சீவி கிச்சாவுக்கு, அத்திம்பேர் பஞ்சாபகேசன் ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கு க்ஷேமம் என்று எழுதுவது முறை என்பதால் க்ஷேமம். மற்றபடி முழங்கால், முதுகு, தக்காளி எதுவும் சரியில்லை. கே.கே. நகருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் அக்கா பெயரை எடுத்தால் நீ அழுகிறாய், நீ அழுதால் நான் கத்துகிறேன், காரியம் நடப்பதில்லை.

காரியம் இதுதான். மாசியில் உன் அக்கா விஜியின் முதல் திவசம். பிள்ளை செய்ய வேண்டியதை, பிள்ளை இல்லாததால் நானே செய்கிறேன். மொட்டை மாடியில் நாலு பாத்தி போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் இருபது வருஷம் கேட்டாள். தளம் ஒழுகும் என்று இருபது வருஷமும் ஒரே பதிலைச் சொன்னேன். இரும்புச் சட்டத்துக்குக் கால் வைத்து, தரையில் படாமல் பாத்தி கட்டலாம், ஒரு சொட்டும் ஒழுகாது என்பது அவள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? அவள் கேட்ட பாத்தியில் விளைந்த காயையாவது திவசத்தன்று அவளுக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

மண் வந்த அன்றைக்கென்று லிஃப்ட் ரிப்பேர். மண் கொண்டு வந்த மகேஷ் நாலாவது மூட்டையோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னா சார், மாடில வயலா போடப் போற? ஊட்ல அம்மா ஒண்ணியும் சொல்லலியா?" என்றான். அம்மா சொல்லித்தான் என்றேன். மீதி மூட்டைகளை நானே தூக்கினேன், முழங்கால் போனது அப்போதுதான். விஜிக்குத் தக்காளி என்றால் உயிர், தக்காளி ரசம் இல்லாத நாளே நம் வீட்டில் கிடையாது, அதனால் முதல் பாத்தி தக்காளி, அவள் வாரம் தவறாமல் செய்த பொரியலுக்காக இரண்டாவதில் கேரட், சாம்பாருக்காக மூன்றாவதில் முள்ளங்கி. தக்காளியில் மாவுப்பூச்சி வந்தது, வேப்பெண்ணெய் அடித்தேன், பூச்சி பிழைத்தது, செடி செத்தது. மறுபடி நட்டதைப் புயல் கொண்டு போயிற்று. மூன்றாவது தடவை காய்த்த பதினோரு பழத்தில் ஒன்பதை அணில் பழத்துக்கு ஒரு கடி கடித்துவிட்டுப் போயிற்று, ஒரு பழத்தையாவது முழுசாகத் தின்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். கேரட்டைப் பிடுங்கினால் சுண்டுவிரல் நீளம், அதிலும் இரண்டு கால். முள்ளங்கி மட்டும் பிழைத்தது.

இந்த லட்சணத்தில், நேற்று திவசத்துக்கு நாள் குறிக்க வந்த ஸ்ரீகிருஷ்ணா வாத்தியாரை மாடிக்கு அழைத்துப் போய்ப் பெருமையாகக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாமா, தக்காளி, கேரட், முள்ளங்கி ஒண்ணுமே திவசத்துக்கு ஆகாதே! இத்தனை வருஷமா உங்க அப்பாவுக்குப் பண்ணிண்டு வரேள், தெரியாதா?"

தெரியாது கிச்சா. முப்பத்தைந்து வருஷம் மணையில் உட்கார்ந்து சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொன்னேன், போட்டதைச் சாப்பிட்டேன். உள்ளே என்ன வெந்தது என்று எட்டிப் பார்த்ததில்லை. அதெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள்.

வாத்தியார் நாலாவது பாத்திக்கு வந்ததும் முகம் மலர்ந்தார். "பாகற்காய்! பிதுர்களுக்கு இதைவிட விசேஷம் உண்டா?" என்றார். அது நான் போட்டதே இல்லை. பதினெட்டு வருஷமாக நம் வீட்டில் வேலை செய்யும் ஜோதிலட்சுமி, காலியாகக் கிடந்த பாத்தியில் என்னைக் கேட்காமல் ஊன்றியது. ஒரு பூச்சி வரவில்லை, அணில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கொடி தண்ணீர்த் தொட்டி வரை ஏறிக் காய்த்துத் தொங்குகிறது. ஆனால் விஜிக்குப் பாகற்காய் ஆகவே ஆகாதே! திவசச் சமையலைத் தவிர முப்பத்தெட்டு வருஷத்தில் நம் வீட்டு அடுப்பில் அது ஏறியதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிட வருகிறவளுக்கு அதையா போடுவது? உயிரோடு இருந்தபோது செய்தது போதாதா? எனக்குத் தாங்கவில்லை. இன்று சாயங்காலமே கொடியை வேரோடு பிடுங்கிவிடப் போகிறேன். நீ வரும்போது வாழைக்காயும் புடலங்காயும் வாங்கி வந்துவிடு. அவளுக்கு என்னால் இவ்வளவுதான் முடிந்தது.

உன் மனைவிக்கும் குழந்தை மஹதிக்கும் ஆசீர்வாதம். நீங்களாவது மருந்து மாத்திரை இல்லாமல் நீண்ட நாள் இருங்கள்.

இப்படிக்கு,
பஞ்சாபகேசன்

பின்குறிப்பு: காய் எதுவும் வாங்கி வராதே. கத்தியோடு மாடிக்குப் போனேன். ஜோதிலட்சுமி குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"இன்னா சார் பண்ற? அம்மாவுக்குனுதானே பாத்தி கட்டுன, அதான் நான் போட்டேன். பாவக்கான்னா அம்மாவுக்கு அவ்ளோ இஷ்டம். நீ ஆபீஸ் கெளம்புனதுக்கப்பால ரெண்டு வறுத்து எனக்கும் போட்டு, தானும் சாப்டும். சாருக்கு அந்த வாசனையே புடிக்காதுடின்னு ஜன்னலெல்லாம் தொறந்து வுட்டுரும்."

உனக்கு இது தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று உன்னை நான் கேட்க முடியாது, நான்தான் ஒரு நாளும் கேட்கவில்லையே. கொடியை விட்டுவிட்டேன். கிச்சா, அவள் தக்காளி சாப்பிடுவாளா? எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. திவசத்துக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று எழுதி அனுப்பு.