பதினொரு பேருக்கு நான் போட்ட ஷிப்ட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலமா என்று கேட்டால் அடிக்க வருவாய், ஆகவே கேட்கவில்லை. உன் அம்மா என் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், அதனால்தான் கடிதம்.

அன்றைக்கு நீ போனில், "அப்பா, தூக்கமே வரல, சும்மா சும்மா அழுகையா வருது. படிப்பக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தேழு வருஷம் மில்லில் தொழிலாளிகளுக்கு ஷிப்ட் போட்டவன் வேறென்ன செய்வேன்? பிள்ளைக்குத் தனிமைதான் வியாதி என்று நானே முடிவுகட்டி, ஒரு நீளத் தாளில் கட்டம் போட்டேன். காலை ஷிப்ட் பெரியம்மா, சித்தி. பகல் ஷிப்ட் மாமா. மாலை ஷிப்ட் அத்தை குடும்பம். யாராவது லீவு போட்டால் மாற்று ஆளாகப் பெரியப்பா. ஆக மொத்தம் பதினொரு பேர். தினமும் உனக்குப் போன் பண்ணி உற்சாகமாகப் பேச வேண்டும், பேசியதும் எனக்குத் தகவல் தர வேண்டும். உன் மாமா முக்கால் மணி நேரம் தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசிவிட்டு, "பிள்ள தெம்பாத்தான் இருக்கு மச்சான், சொன்னதுக்கெல்லாம் 'ம்' போட்டுச்சு" என்று சான்றிதழ் கொடுத்தார். அத்தை உனக்குத் தைரியம் சொல்லப் போய், தானே அழுது, கடைசியில் நீ அவளைத் தேற்றினாயாம். ஐந்தாம் நாள் நீ போனை அணைத்துவிட்டாய். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பதறிப்போய் உன் விடுதி அலுவலகத்துக்குப் போன் போட்டு அரைகுறை இங்கிலீஷில் கத்த, காவலாளி மாற்றுச் சாவியோடு ஓடிவந்து கதவைத் திறந்தால், மூன்று வாரத்தில் முதல் முறையாக நீ மத்தியானத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். அதைக் கெடுத்த புண்ணியமும் எனக்கே.

"அப்பா, தயவுசெஞ்சு எல்லாரையும் நிறுத்துங்க" என்றாய். நிறுத்திவிட்டேன். அங்கே கல்லூரியில் பார்க்கும் மனநல டாக்டரம்மாவிடம் போவதை விடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு இந்த வருஷத்தை முடித்துவிடு. இன்னும் ஏழு மாதம்தான், ஓடிவிடும்.

பெரியவர்கள் அனைவரின் ஆசியும் உனக்கு உண்டு. அதைப் போனில் சொல்ல வேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: அம்மா இதைப் படித்துவிட்டு, "அவ கேட்டதுக்குப் பதில் எங்க?" என்றாள். தேடினேன், இல்லை. படிப்பைப் பாதியில் விட்டு வந்துவிட்டாளா என்று நாலு பேர் கேட்பார்களே என்று பயந்துவிட்டேன்டா, அதுதான் உண்மை. ஏழு மாதம் ஓடிவிடும் என்று சுலபமாக எழுதிவிட்டேன். உனக்கு ஒரு நாளே ஓடவில்லை. கிளம்பி வாடா கண்ணு. யார் கேட்டாலும், "என் பொண்ணுக்கு மனசு சரியில்ல, வீட்டுக்கு வந்திருக்கா" என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.